ஹேமர் விழுந்தும் வெடிக்காத துப்பாக்கி: கோளாறு எங்கே இருக்கிறது?

பழைய கன்டெண்டர் கைத்துப்பாக்கி ஒன்றை வேறொருவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர் முதல் நாளே பதறிப்போய்க் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹேமரைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன். சுட வேண்டாம் என்று தோன்றியது. கட்டைவிரலால் பிடித்தபடி மெல்ல இறக்கிவிட்டேன். இப்போது மறுபடி இழுத்தால் ஏற மறுக்கிறது. உள்ளே ஏதாவது உடைந்துவிட்டதா?"

எதுவும் உடையவில்லை. ஹேமர் என்பது தோட்டாவை வெடிக்கவைக்க அறையும் சுத்தியல் போன்ற பாகம். முதல் தலைமுறைக் கன்டெண்டரில் ஹேமரை ஒரு தடவை ஏற்றி, சுடாமல் இறக்கிவிட்டால், துப்பாக்கியைத் திறந்து மூடிய பிறகுதான் அது மறுபடி ஏறும். அதன் அமைப்பே அப்படி. பின்னால் வந்த ஜி2 மாதிரியில் இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதனால் ஜி2 வைத்துப் பழகியவர் பழைய மாதிரியைக் கையில் எடுத்தால், நல்ல துப்பாக்கியையே பழுதான துப்பாக்கி என்று நினைத்துவிடுகிறார். ஸ்குருடிரைவரை எடுத்துக் கழற்றவும் தொடங்கிவிடுகிறார். உண்மையான பழுது பல சமயம் அப்போதுதான் உண்டாகிறது.

ஒற்றைத் தோட்டா வேட்டைத் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கோளாறு கையில் உணரப்படும் இடம் ஹேமரும் ட்ரிக்கரும். ஆனால் அது பிறக்கும் இடம் பெரும்பாலும் வேறு. குழல் பூட்டும் இடத்தில் இருக்கலாம், தோட்டாவில் இருக்கலாம், குறிபார்க்க மேலே மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்புக்கு அடியில் இருக்கலாம். ட்ரிக்கரைத் தொடுவதற்கு முன் அந்த இடங்களையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டும்.

முதலில், எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரிந்துகொள்வோம். வாரன் சென்டர் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய கன்டெண்டர் 1967-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில் தாம்ப்சன் சென்டர் நிறுவனம் அதைத் தயாரித்தது. பல தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் இதில் கிடையாது. ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிக்கர் கார்டின் பின்பக்க முனையை விரலால் இழுத்தால் குழல் முன்புறம் கவிழ்ந்து திறக்கும். ஒரு தோட்டாவைப் போட்டு மூட வேண்டும். குழலையும் ஃபிரேமையும் (ஹேமரும் ட்ரிக்கரும் இருக்கும் உடல்பகுதி) இணைக்கும் பெரிய பின்னைத் தட்டி எடுத்துவிட்டால் வேறு குழலை மாட்டிக்கொள்ளலாம். காலையில் .22 தோட்டாவுக்கான குழல், மாலையில் மான் வேட்டைக்கான .30-30 குழல் என்று ஒரே ஃபிரேமில் மாற்றிக்கொள்ளலாம். கோளாறைக் கண்டுபிடிக்கும்போது இந்த மாற்றும் வசதி நமக்குப் பெரிய துணையாகப்போகிறது.

எதைச் சோதிப்பதானாலும் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை நுழைத்தும் தடவிப் பாருங்கள். உண்மையான தோட்டாக்கள் அந்த மேசையில் இருக்கவே கூடாது. வேறு அறையில் வைத்துவிடுங்கள். குழல் முனை எப்போதும் ஆபத்தில்லாத திசையையே பார்க்க வேண்டும். இடையில் எழுந்துபோய்த் திரும்பி வந்தால் மறுபடி திறந்து பார்த்துவிட்டே தொடருங்கள். "இப்போதுதானே பார்த்தேன்" என்ற நினைப்பில்தான் விபத்துகள் நடந்திருக்கின்றன.

ட்ரிக்கரை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?

எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள். வலுவான ஸ்பிரிங் ஒரு கம்பியை அறைவதற்குக் காத்திருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதோ ஒரு சின்ன முனை. அந்த முனை நழுவினால் கம்பி பாய்கிறது. துப்பாக்கியில் அந்தக் கம்பியின் இடத்தில் ஹேமர் இருக்கிறது. அதை முன்னே தள்ளுவது மெயின் ஸ்பிரிங். ஹேமரின் அடிப்பகுதியில் வெட்டிய ஒரு சிறு பள்ளத்தில் சியர் என்ற எஃகுத் துண்டின் உதடு போய் உட்காரும். ஹேமரைப் பின்னால் இழுக்கும்போது கேட்கும் 'க்ளிக்' அந்த உதடு பள்ளத்தில் விழும் சத்தம். ட்ரிக்கர் செய்வது ஒரே வேலை, அந்த உதட்டை வெளியே தள்ளிவிடுவது.

விடுபட்ட ஹேமர் பாய்ந்து ஃபயரிங் பின் என்ற ஊசியின் பின்பக்கத்தில் அறைகிறது. ஊசி ஃபிரேமின் முகப்பில் உள்ள துளை வழியாக முன்னேறித் தோட்டாவின் அடியைக் குத்துகிறது. அங்கே இருக்கும் ரசாயனக் கலவை நசுங்கித் தீப்பொறி பிறக்கிறது. அது வெடிமருந்தைப் பற்றவைக்கிறது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் உங்கள் காதில் விழுவது வெறும் 'டக்' சத்தம்தான். எந்தக் கண்ணி அறுந்தது என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. தோட்டா சொல்லும்.

தோட்டாவின் அடியைப் படிப்பது

சுடும் இடத்தில் ஹேமர் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள். குழலை இலக்கு நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது 30 நொடி காத்திருங்கள். சில தோட்டாக்கள் தாமதமாக வெடிக்கும். திறந்த துப்பாக்கியில் அது வெடித்தால் பித்தளைத் துணுக்குகள் முகத்தில் பாயும். காத்திருந்து, திறந்து, தோட்டாவை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள்.

ஒரு முறை வெடிக்காமல் போன நான்கு தோட்டாக்களை மேசை விரிப்பில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் அடியையும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். நான்கும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவை. ஆனாலும் நான்கும் வேறு வேறு கதை சொல்லின.

முதல் தோட்டாவில் எந்தத் தடமும் இல்லை. பிரைமரின் (அடியின் நடுவில் பதித்த, தீப்பற்றும் கலவை கொண்ட சிறு கிண்ணம்) முகம் புதிது போலப் பளபளத்தது. ஊசி அதைத் தொடவே இல்லை என்று பொருள். ஹேமர் வழியில் எங்கோ நின்றிருக்கிறது, அல்லது ஊசியைச் சேராமல் விழுந்திருக்கிறது.

இரண்டாவதில் தடம் இருந்தது, தவறான இடத்தில். நடுவிலுள்ள பிரைமரை விட்டுவிட்டு விளிம்பில் நகக்கீறல் போல ஒரு சிறு பள்ளம். இதைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. .22 போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களில் தீப்பற்றும் கலவை அடித்தட்டின் விளிம்புக்குள் இருக்கும். பெரிய தோட்டாக்களில் அது நடுவிலுள்ள பிரைமரில் இருக்கும். இரண்டு வகைக் குழல்களையும் ஏற்க வேண்டும் என்பதால் கன்டெண்டரின் ஃபிரேமில் இரண்டு ஊசிகள் உண்டு. ஹேமர் எந்த ஊசியை அடிக்க வேண்டும் என்பதை ஹேமரில் உள்ள ஒரு சிறு தேர்வுக் குமிழ் முடிவு செய்கிறது. காலையில் .22 குழலோடு சுட்டுவிட்டு, மாலையில் குழலை மட்டும் மாற்றிக் குமிழை மாற்ற மறந்துவிட்டால் இதுதான் நடக்கும். பிற்கால ஹேமர்களில் குமிழுக்கு நடுநிலை ஒன்றும் இருக்கிறது. அது பாதுகாப்புக்காக வைத்தது. குமிழ் அந்த நிலையில் நின்றால் ஹேமர் எந்த ஊசியையும் அடிக்காது. பிரைமரில் தடமே இருக்காது. ஆகவே, முதல் தோட்டாவுக்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தக் குமிழ்தான். பார்க்க ஒரு நொடிகூட ஆகாது.

மூன்றாவதில் தடம் சரியான இடத்தில், ஆனால் ஆழமில்லாமல் இருந்தது. நன்றாக விழுந்த அடி பிரைமரின் நடுவில் உருண்டையான, தெளிவான குழியை உண்டாக்கும். இதிலோ பென்சில் முனையால் லேசாக அழுத்தியது போன்ற சாயல் மட்டும். அடிக்கு வலு போதவில்லை, அல்லது அடி விழும்போது தோட்டா முன்னே நகர்ந்துவிட்டது.

நான்காவதில் குழி ஆழமாகவே இருந்தது. துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. தவறு தோட்டாவில். அதற்காகத் துப்பாக்கியைக் கழற்றுவது வீண்.

சொந்தமாகத் தோட்டா நிரப்பிக்கொள்பவர்களுக்குத் தெரிய வேண்டிய அடையாளம் இன்னொன்று. முதல் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டாம் அடியில் வெடித்தால், பிரைமர் முழு ஆழத்துக்கு உட்காரவில்லையோ என்று சந்தேகியுங்கள். முதல் அடியின் வலுவெல்லாம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடுகிறது. சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாவை மறுபடி நிரப்புவதற்காக உருப்படுத்தும்போது, அது கழுத்தை நோக்கிக் குறுகும் தோள்பகுதியைத் தேவைக்கு மேல் கீழே தள்ளிவிட்டாலும் இதே தொல்லைதான். விளிம்பு இல்லாத தோட்டாவை அறைக்குள் தாங்கி நிறுத்துவது அந்தத் தோள்தான். அது இறங்கிவிட்டால் தோட்டாவுக்கு முன்னே நகர இடம் கிடைத்துவிடுகிறது. ஊசியின் அடி அதை நசுக்காமல் தள்ளிக்கொண்டு போகிறது. இதை "ட்ரிக்கர் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வருபவர்கள் உண்டு.

பூட்டு முழுவதும் விழுந்ததா?

பிரைமரில் தடம் இல்லை, குமிழும் சரியாக இருக்கிறது என்றால் அடுத்து நான் பார்ப்பது பூட்டை. குழலின் அடியில், பின்பக்கம், ஸ்பிரிங் தள்ளும் தாழ் ஒன்று இருக்கிறது. துப்பாக்கியை மூடும்போது அது பாய்ந்து ஃபிரேமுக்குள் போய் மாட்டிக்கொள்ள வேண்டும். சுடும் நேரத்தில் குழல் திறந்துகொள்ளாமல் காப்பது அந்தத் தாழ்தான். அது அரைகுறையாக மாட்டியிருக்கும் நிலையில் தோட்டா வெடித்துவிடக் கூடாது. அதனால் பூட்டு முழுமையாக விழாதவரை சுட முடியாதபடி உள்ளே ஒரு தடை அமைத்திருக்கிறார்கள்.

இந்தத் தடையைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஹேமர் முரண்டு பிடிப்பது போலத் தெரியும், ட்ரிக்கர் செத்துவிட்டது போலத் தெரியும். உண்மையில் இரண்டும் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் பலத்தைக் கூட்டி ட்ரிக்கரை இழுப்பதோ, தடையாக இருக்கும் பாகத்தை அரத்தால் தேய்ப்பதோ பெரும் தவறு.

தாழ் ஏன் முழுமையாக விழாமல் போகிறது? தயங்கித் தயங்கி மெதுவாக மூடுவது ஒரு காரணம். அதன் ஸ்பிரிங்குக்கு உறுதியான மூடல் தேவை. வெடிமருந்துக் கரியும் பழைய எண்ணெயும் சேர்ந்து தாழின் பாதையில் பிசினாக இறுகியிருக்கலாம். தோட்டாவை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் ஒரு துகள் கிடந்தாலும் குழல் மயிரிழை அளவு எழும்பி நிற்கும். பிரைமர் துருத்திக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். பல்துலக்கும் பழைய பிரஷ், கரைப்பான், சுத்தமான துணி, கடைசியில் ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். இவ்வளவில் குணமான துப்பாக்கிகள் ஏராளம்.

சுத்தம் செய்தும் தீரவில்லையா? இப்போது குழலை மாற்றும் வசதி கைகொடுக்கும். உங்களிடமோ நண்பரிடமோ அதே ஃபிரேமுக்குப் பொருந்தும் இன்னொரு குழல் இருந்தால் அதை மாட்டிப் போலித் தோட்டாவோடு சோதியுங்கள். தாழ் குழலோடு சேர்ந்த பாகம் என்பதை மறக்கக் கூடாது. குழலை மாற்றியதும் கோளாறு மறைந்தால் குற்றவாளி பழைய குழலும் அதன் தாழும். எந்தக் குழலை மாட்டினாலும் கோளாறு தொடர்ந்தால் அது ஃபிரேமுக்குள் இருக்கிறது. செலவில்லாமல் தேடும் இடத்தைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது. ஒரு ஃபிரேமில் ஒழுங்காக வேலை செய்யும் குழல் இன்னொன்றில் தகராறு செய்வதும் உண்டு. அதற்காக இரண்டில் ஒன்று பழுது என்று பொருளில்லை. ஒன்றோடொன்று பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அடி மெலிந்துபோவது

தடம் இருக்கிறது, ஆழம் இல்லை என்றால் ஹேமரின் பயணத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். வேட்டைக் கைத்துப்பாக்கியில் ஸ்கோப் மாட்டுபவர்கள் அதிகம். ஸ்கோப் மேலே வந்ததும் ஹேமரின் காதுக்குக் கட்டைவிரல் எட்டாது. அதற்காகப் பக்கவாட்டில் நீளும் ஒரு துண்டை ஹேமரில் ஸ்குருவால் மாட்டுவார்கள். அந்தத் துண்டு தளர்ந்து கொஞ்சம் திரும்பினால் போதும், ஸ்கோப்பிலோ அதன் தாங்கியிலோ உரசத் தொடங்கும். ஹேமர் விழும், ஆனால் பாதி வலு உரசலில் போய்விடும். ஸ்கோப்பின் அடியில் கறுப்புப் பூச்சு உரிந்து வெள்ளிக்கோடு போல ஒரு கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தேடல் முடிந்தது.

எண்ணெய் அதிகமானாலும் இந்தக் கோளாறு வரும். கோடையில் ஓடிக்கொண்டிருந்த கெட்டி எண்ணெய், பனிக்கால வேட்டையின் விடியற்காலையில் ஹேமரையும் ஊசியையும் தேனில் விழுந்த ஈயைப் போலப் பிடித்துக்கொள்ளும். ஊசி நகரும் துளையில் எண்ணெய் தேங்கவே கூடாது. பிடியின் மரம் ஈரத்தில் உப்பி உள்பாகங்களில் உரசுவதும் கைத்துப்பாக்கிகளில் நடக்கிறது. பிடியைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் அது தெரிந்துவிடும்.

வேறொருவர் கைப்பட்ட துப்பாக்கி என்றால் மெயின் ஸ்பிரிங்கையும் சந்தேகியுங்கள். ட்ரிக்கர் இழுவை மென்மையாகட்டும் என்று ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. எனக்கு இதைப் பார்த்தால் கோபமே வருகிறது. பயிற்சி மேடையில் மென்மையாகத் தெரியும் அந்த ட்ரிக்கர், கடினமான பிரைமர் வந்ததும் கைவிட்டுவிடும். புது ஸ்பிரிங் போடுவதுதான் தீர்வு.

ஹேமர் நிற்காவிட்டால்

இதுவரை சொன்னதெல்லாம் வெடிக்காத துப்பாக்கியைப் பற்றி. அது வேட்டையைக் கெடுக்கும். இழுத்த ஹேமர் தானாக விழும் துப்பாக்கி உயிரையே எடுக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

காலியான துப்பாக்கியில் இரண்டு சோதனைகள். ஹேமரை இழுத்து நிறுத்தி, ட்ரிக்கரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரின் பின்புறத்தை முன்னோக்கி அழுத்துங்கள். அது அசையாமல் நிற்க வேண்டும். அடுத்து, ஹேமர் ஏறிய நிலையிலேயே ஃபிரேமை ரப்பர் சுத்தியால் பல பக்கங்களிலிருந்து லேசாகத் தட்டுங்கள். அப்போதும் நிற்க வேண்டும். எதில் விழுந்தாலும், ஒரே ஒரு முறை விழுந்தாலும், அந்தத் துப்பாக்கியில் இனித் தோட்டா போடாதீர்கள். சியரின் உதடோ ஹேமரின் பள்ளமோ தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ அவற்றைத் தேய்த்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் அளவு மிகமிகச் சிறியது. அவை சந்திக்கும் கோணம் சற்றே பிசகினாலும் பிடி தளர்ந்துவிடும். இப்படிப்பட்ட பாகங்களில் பல, மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்தியவை. சாணைக்கல்லால் அந்த மெல்லிய தோலைத் தேய்த்துவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான எஃகு வெளிப்படும். முதல் வாரம் வெண்ணெய் போல இழுபடும் ட்ரிக்கர், சில நூறு முறை இழுத்த பிறகு பிடியை விட்டுவிடும். இந்த ஒரு வேலையை வீட்டு மேசையில் செய்யவே கூடாது. துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ட்ரிக்கர் பகுதியிலுள்ள திருகுகளில் ஒன்றைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்வது நல்லது. ஹேமர் விடுபட்ட பிறகும் ட்ரிக்கர் தேவையில்லாமல் பின்னால் போகாமல் தடுக்கும் திருகு அது. அதை அளவுக்கு மேல் உள்ளே முறுக்கிவிட்டால் ட்ரிக்கர் முழு தூரம் நகராது. சியர் முழுதாக விலகாது. விழும் ஹேமரில் சியர் உரசும். பல ஹேமர்களில் பாதி வழியில் ஒரு பாதுகாப்புப் பள்ளம் இருக்கும். அதில் சியர் சிக்கி ஹேமர் நடுவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. ட்ரிக்கரை மிக மெதுவாக இழுக்கும்போது மட்டும் கோளாறு வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் வருவதில்லை என்றால் இந்தத் திருகை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சியர் அப்படிச் சிக்கும்போது விளிம்புகள் சிதைகின்றன. ஆகவே கண்டுபிடிக்கும்வரை மறுபடி மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டாம்.

பழுதுபார்ப்பவரிடம் போகும்போது "ட்ரிக்கர் கோளாறு" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் குழல், எந்தத் தோட்டா, கடையில் வாங்கியதா சொந்தமாக நிரப்பியதா, எத்தனை முறை அடித்ததில் எத்தனை முறை வெடிக்கவில்லை, மெதுவாக இழுத்தபோதா வேகமாக இழுத்தபோதா, குழலை மாற்றியபோது என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கியைக் காலியாகவும், கோளாறு வந்த குழலை மாட்டியபடியும் கொடுங்கள். வெடிக்காத தோட்டாக்களைத் துப்பாக்கியோடு சேர்த்து எடுத்துப்போக வேண்டாம். அவற்றின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் நெருங்கிப் படம் எடுத்து, அந்தப் படத்தைக் காட்டுங்கள். வேலை தெரிந்தவர் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அந்தப் படத்தைத்தான் கேட்பார்.